டோரா ஏன் கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா நிற்கிறாள்?

நீங்கள் கேட்டதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்கு மூன்றேகால் வயது. பழைய ‘டோராவின் பயணங்கள்’ எபிசோடுகள் மொபைலில் கிடைத்திருக்கின்றன. டோரா கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்கிறாள், உங்கள் மகள் வீடு அதிரப் பதில் சொல்கிறாள். அதுவும் ஒரே எபிசோடை ஒன்பது நாளாக. பக்கத்தில் ஒன்றரை வயதுத் தம்பியும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். இதனால் பிள்ளைக்கு ஏதாவது தெரியவருகிறதா, இல்லை மூளை மழுங்கிப்போகுமா, எவ்வளவு நேரம் விடலாம் என்று கேட்கிறீர்கள். “பிள்ளை தனியாப் பேசுது, ஏதோ சரியில்லை” என்று உங்கள் மாமியார் பயப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் மாமியாருக்குத் தைரியம் சொல்லுங்கள். பிள்ளை அப்படிக் கத்த வேண்டும் என்றுதான் அந்தத் தொடரையே செய்தார்கள். கத்தாமல் பார்த்தால்தான் அது பாதி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

நான் நர்சரி வகுப்பில் பல வருஷம் இருந்தவள். 2007-ல் சுட்டி டிவி வந்தது. அதில் டோரா தமிழ் பேசத் தொடங்கிய பிறகு வகுப்பறையில் என்ன நடந்தது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு பையன் பக்கத்துப் பிள்ளையின் பல்பத்தை எடுத்தால் போதும், நாலு மூலையிலிருந்தும் “குள்ளநரி திருடக்கூடாது!” என்று குரல் வரும். எடுத்தவனும் பல்பத்தைக் கீழே போட்டுவிட்டு விரலைச் சொடக்குவான், தொடரில் திருட வந்து, இப்படி மூன்று முறை சொன்னதும் விட்டுவிடுகிற அந்த நரி செய்வதுபோலவே. டீச்சர் சொல்லிக் கேட்காத பிள்ளைகள் அதைக் கேட்டார்கள். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

சரி, அந்த மௌனத்துக்கு வருவோம். அதற்கு டோராவுக்கு முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

டிவிக்கு முன்னால் உட்கார்ந்த குழந்தை சும்மா வெறிக்கிறது, வண்ணமும் சத்தமும் இழுக்கின்றன, மண்டைக்குள் ஒன்றும் ஓடவில்லை என்று ரொம்ப நாளாக ஒரு நம்பிக்கை. இன்றைக்கும் நம் வீடுகளில் அதே பேச்சுதான். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர் டேனியல் ஆண்டர்சன் இதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். 1981-ல் வெளியான அந்த ஆய்வில் அவரும் கூட இருந்தவர்களும் செய்தது எளிமையான ஒரு குறும்பு. ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற குழந்தைகள் டிவி நிகழ்ச்சியின் துண்டுகளை எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றில் காட்சிகளின் வரிசையைக் கலைத்துப்போட்டார்கள், சிலவற்றில் பேச்சைப் பின்னோக்கி ஓடவிட்டார்கள், சிலவற்றில் வேற்றுமொழியில் பேசவைத்தார்கள். வண்ணம் அதேதான், பொம்மைகளும் அவையேதான். பிள்ளைகள் பார்க்கும் நேரம் குறைந்துவிட்டது. இரண்டு வயதுப் பிள்ளைகள்கூடப் பேச்சு புரியாத இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெறும் மினுமினுப்புதான் இழுக்கிறது என்றால் அப்படித் திரும்பியிருக்கக் கூடாது. புரிகிறது என்பதால்தான் பார்க்கிறார்கள்.

இந்த ஆண்டர்சனைத்தான் பின்னாளில் நிக்கலோடியன் சேனல் ஆலோசகராக அழைத்தது. 1996-ல் ‘ப்ளூஸ் க்ளூஸ்’ என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. ஸ்டீவ் என்ற இளைஞன் கேமராவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பான், அப்புறம் பேசாமல் நிற்பான். டிவியில் நாலு விநாடி யாரும் பேசாமல் இருந்தால் ரிப்பேர் என்று நினைக்கிற காலம் அது. பெரியவர்களுக்கு அந்த இடைவெளி தாங்காது. மூன்று வயதுப் பிள்ளைக்கோ கேள்வியைக் காதில் வாங்கி, யோசித்து, சொல்லைத் தேடி எடுத்து, வாயைத் திறக்க அந்த நேரம் வேண்டும். உங்கள் மகளிடம் “மத்தியானம் என்ன சாப்பிட்ட?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் வருவதற்குள் நாமே “சாம்பார்சாதம்தானே?” என்று முந்திக்கொள்வோம். வீட்டில் யாருக்கும் அவ்வளவு பொறுமை இல்லை. அந்த டிவிக்காரனுக்கு இருந்தது.

2000 ஆகஸ்டில் அதே சேனலில் டோரா வந்தாள். உருவாக்கியவர்கள் கிறிஸ் கிஃபோர்ட், வேலரி வால்ஷ், எரிக் வீனர் என்ற மூன்று பேர். ‘ப்ளூஸ் க்ளூஸ்’ இடைவெளியை எடுத்துக்கொண்டு, அதோடு இன்னொன்றைச் சேர்த்தார்கள்: அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் விளையாட்டு. நீலநிறத்தில் ஒரு அம்பு வந்து திரையில் சரியான பொருளைக் ‘கிளிக்’ என்று தொடுகிறதே, கவனித்திருப்பீர்கள். அது மவுஸ் அம்புதான். பதில் தெரிந்த பிள்ளைக்கு அது ‘சபாஷ்’. தெரியாத பிள்ளைக்கும் அது ‘இதுதாம்மா’ என்று காட்டிக்கொடுத்துவிடும், யாரும் தோற்றதாக ஆகாது. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். வகுப்பில் நாலு பேர் மட்டும் கை தூக்குவார்கள், மற்ற 26 பேரும் அந்த நாலு பேரையே பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

கல்லூரிப் பையன்கள் டோராவைக் கேலி செய்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மலை அவள் முதுகுக்குப் பின்னாலேயே நிற்கும், அவள் நம்மைப் பார்த்து “மலை எங்கே இருக்கு, உங்களுக்குத் தெரியுதா?” என்பாள். கண்ணு தெரியாதா என்று சிரிப்பார்கள். இருபது வயதில் அது சிரிப்புதான். மூன்று வயதில் யோசித்துப் பாருங்கள்: காலையிலிருந்து இரவு வரை யாராவது ஒருவர் ‘அதைத் தொடாதே, இதைப் போடு, இங்கே வா’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். தனக்கு மட்டும் தெரிந்த, பெரிய ஆளுக்குத் தெரியாத ஒரு விஷயம் அந்தப் பிள்ளைக்கு எங்கே கிடைக்கிறது? டோராவிடம் கிடைக்கிறது. நம்மூர்க் கூத்திலும் பொம்மலாட்டத்திலும் கோமாளிக்குத் தெரியாததைக் கூட்டம் கத்திச் சொல்வதில்லையா? அதே சுகம்.

அப்புறம் அந்த மேப். ஒவ்வொரு எபிசோடிலும் மேப் சுருள் விரிந்து மூன்று இடத்தைச் சொல்லும். பாலம், காடு, மலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் சொல்லி, திரும்பச் சொல்லி, நம்மையும் சொல்லவைத்து, ஒவ்வொரு இடம் தாண்டும்போதும் அடுத்தது என்ன என்று கேட்டு, உயிரை எடுத்துவிடுவார்கள். பெரியவர்களை முதலில் எழுந்து ஓடவைப்பது இந்தப் பகுதிதான். என்னைக் கேட்டால் தொடரிலேயே நல்ல பகுதி இதுதான். மூன்று விஷயங்களை வரிசை மாறாமல் மனசில் வைத்துக்கொண்டு, இப்போது எங்கே இருக்கிறோம், இன்னும் எது பாக்கி என்று கணக்கு வைத்திருப்பது அந்த வயதுக்கு லேசான வேலை இல்லை. கதை சொல்லத் தெரிவதற்கும் முதல் படி அதுதான். என் வகுப்பில் “லீவில் என்ன செய்தாய்?” என்றால் “ஊருக்குப் போனேன்” என்பதோடு நிறுத்துகிற பிள்ளைகள், மேப் படம் ஒன்றை வரைந்து கொடுத்தால் “பஸ், அப்புறம் ஆறு, அப்புறம் பாட்டி வீடு” என்று சொல்லத் தொடங்கினார்கள். சின்னத் தந்திரம், இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

குள்ளநரியைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் அதன் பெயர் ஸ்வைப்பர், ‘சட்டென்று லபக்குகிறவன்’ என்று வைத்துக்கொள்ளலாம். தமிழில் அந்தப் பெயரை அப்படியே இறக்கியிருந்தால் ஒரு பிள்ளைக்கும் ஒட்டியிருக்காது. எழுதியவர் யாரோ, பெயரை விட்டுவிட்டு ‘குள்ளநரி’ என்று போட்டார். அந்த ஒரு சொல்லில் நம்மிடம் இருக்கிற நரிக்கதைகள் முழுக்க வந்து நின்றுவிட்டன. வடை சுட்ட பாட்டி கதை கேட்ட பிள்ளைக்கு நரியை அறிமுகப்படுத்த வேண்டுமா என்ன? அந்த வாக்கியத்தின் தாளத்தையும் பாருங்கள். மூன்று முறை அடுக்கிச் சொல்லக் கச்சிதமாக வருகிறது. ‘திருடாதே’ என்று அதட்டாமல் ‘திருடக்கூடாது’ என்று விதியைச் சொல்கிறது. பூட்ஸ் என்கிற குரங்குக்கு ‘புஜ்ஜி’ என்று பெயர் வைத்ததும் அதே கைவரிசை. இன்றைக்கும் இணைபிரியாத இரண்டு பேரை ‘டோரா புஜ்ஜி’ என்கிறோம். நெற்றி மறைய முடி வெட்டிவந்த பெண்ணை ‘டோரா’ என்கிறோம். டப்பிங் என்றால் அது டப்பிங்.

மொழிப் பாடத்திலும் ஒரு மாற்றம் நடந்தது. அமெரிக்க டோரா லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குழந்தை. அங்கே அவள் ஆங்கிலம் பேசி, நடுநடுவே ஸ்பானிஷ் சொற்கள் சொல்லிக்கொடுப்பாள். வேறு நாடுகளுக்குப் போகும்போது பெரும்பாலும் உள்ளூர் மொழி பேசி, ஸ்பானிஷ் இருந்த இடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் உங்கள் மகள் டோரா பார்த்து இங்கிலீஷ் பேசிவிடுவாள் என்று நம்பாதீர்கள். ஒரு எபிசோடில் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் சொற்கள்.

இப்போது ஒன்பது நாள் விஷயம். உங்களுக்குச் சலிக்கிறது, அவளுக்குச் சலிக்கவில்லை. ஆண்டர்சன் குழுவினர் 1999-ல் இதையும் பார்த்தார்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு ‘ப்ளூஸ் க்ளூஸ்’ எபிசோடு ஒன்றை ஒரே ஒருமுறை போட்டார்கள், சிலருக்கு அதையே ஐந்து நாள் தொடர்ந்து போட்டார்கள். ஐந்து நாள் பார்த்தவர்களுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. சலிப்பதற்குப் பதிலாக, நாளாக ஆக அவர்கள் திரையோடு பேசுவது கூடிக்கொண்டே போனது. முதல் நாள் என்ன நடக்கிறது என்று பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். பிறகுதான் பதில் கைக்கு வரும், அப்புறம் பதிலை முந்திச் சொல்லும் கர்வம். சேனலே ஆரம்பத்தில் ஒரே எபிசோடைத் திங்கள் முதல் வெள்ளி வரை போட்டது. ராத்திரி ஒரே காக்காக் கதையைத்தானே தினமும் கேட்கிறாள்? ஒரு வரி மாற்றிச் சொன்னால் சண்டைக்கு வருகிறாளா இல்லையா? இதுவும் அதுதான்.

தம்பி விஷயத்தில்தான் நான் கொஞ்சம் கண்டிப்பு. இரண்டு வயதுக்குக் கீழே திரையிலிருந்து எடுத்துக்கொள்வது மிகக் குறைவு. இதற்கு எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. 1998-ல் ஜார்ஜீன் டுரோசெத், ஜூடி டிலோச் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்டது. பக்கத்து அறையில் ஒரு பொம்மையை ஒளித்துவைப்பார்கள். ஒளிப்பதைப் பிள்ளை பார்க்கும், பிறகு போய்த் தேடும். ஜன்னல் வழியாகப் பார்த்த இரண்டு வயதுப் பிள்ளை நேராகப் போய் எடுத்துவிட்டது. அதே காட்சியை டிவியில் பார்த்த இரண்டு வயதுப் பிள்ளைகளோ பெரும்பாலும் எங்கே தேடுவது என்று தெரியாமல் நின்றன. இரண்டரை வயதில் டிவியில் பார்த்தும் எடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவ்வளவு வித்தியாசம். ‘அங்கே தெரிவது இங்கேயும் உண்மை’ என்பது பிறவியிலேயே வருகிற ஞானம் இல்லை, மெதுவாக வருவது.

இதற்கு எதிராகப் பேசுகிறவர்கள் வேறொரு ஆய்வைக் காட்டுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 2005-ல் டெபோரா லைன்பார்கர், டேல் வாக்கர் இருவரும் ஆறாவது மாதத்திலிருந்து முப்பதாவது மாதம் வரை சில குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். டோரா, ‘ப்ளூஸ் க்ளூஸ்’ பார்த்த குழந்தைகளிடம் சொல்வளம் கூடுதலாக இருந்தது, ‘டெலிடப்பீஸ்’ என்ற இன்னொரு குழந்தைகள் நிகழ்ச்சி பார்த்தவர்களிடம் குறைவாக இருந்தது. டோராதான் சொல்லைக் கொடுத்தாள் என்று இதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. எந்த வீட்டில் எந்த நிகழ்ச்சி ஓடுகிறது என்பதிலேயே அந்த வீட்டுப் பேச்சும் கலந்திருக்கும். ஆனால் ‘டிவி’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசக்கூடாது என்பதற்கு இது போதும்.

வேகமும் ஒரு காரணம். 2011-ல் ஏஞ்சலின் லில்லார்டும் ஜெனிஃபர் பீட்டர்சனும் நாலு வயதுப் பிள்ளைகள் 60 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு ஒன்பது நிமிஷம் ‘ஸ்பாஞ்ச்பாப்’ என்ற வேகமான கார்ட்டூன், இன்னொன்றுக்கு மெதுவாகப் போகும் ‘கைலூ’, மற்றவர்களுக்குக் காகிதமும் கிரேயானும். உடனே சில சின்னச் சின்னப் பணிகள் கொடுத்தார்கள்: பொறுத்திருப்பது, சொன்னதை நினைவில் வைத்துச் செய்வது மாதிரியானவை. ஸ்பாஞ்ச்பாப் பார்த்தவர்கள் பின்தங்கினார்கள். அது ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான தொடர் என்று சேனல் சொன்னது, அதுவும் நியாயம்தான். ஆய்வு பார்த்ததும் பார்த்து முடித்த உடனான நேரத்தைத்தான். இருந்தாலும் மொபைலில் டோரா முடிந்ததும் தானாக அடுத்து ஓடுகிறதே, கண்ணிமைப்பதற்குள் பத்துக் காட்சி மாறும் பாட்டு வீடியோ, அதைக் கவனியுங்கள். டோராவைவிட எனக்குப் பயம் அதில்தான். தானாக ஓடும் வசதியை நிறுத்திவையுங்கள்.

எவ்வளவு நேரம்? உலக சுகாதார நிறுவனமும் நம்மூர்க் குழந்தை மருத்துவர் சங்கமும் சொல்வது கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஐந்து வயதுக்குக் கீழே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் குறைவாக இருந்தால் நல்லது. சங்கம் இரண்டு வயதுக்குக் கீழே வீடியோ காலைத் தவிர ஒன்றுமே வேண்டாம் என்கிறது. ஒரு டோரா எபிசோடு இருபத்துச் சொச்ச நிமிஷம். ஒன்று என்றால் தாராளம், இரண்டு என்றால் முடிந்தது.

வீடியோ காலை மட்டும் ஏன் விட்டார்கள் என்பதில்தான் டோராவின் பலவீனம் இருக்கிறது. 2014-ல் வந்த ஓர் ஆய்வு. இரண்டிலிருந்து இரண்டரை வயதுக் குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். நேரில் சொன்னபோது கற்றுக்கொண்டார்கள், நேரலை வீடியோ காலில் சொன்னபோதும் கற்றுக்கொண்டார்கள். முன்கூட்டியே பதிவுசெய்த வீடியோவில் சொன்னபோது கற்றுக்கொள்ளவில்லை. தான் சொன்னதற்கு எதிரே இருப்பவர் உண்மையாகவே பதில் சொல்கிறாரா என்பது அந்த வயதில் அவ்வளவு முக்கியம். டோரா காத்திருப்பாள், கேட்டதுபோலத் தலையாட்டுவாள். ஆனால் அவள் காதில் எதுவும் விழுவதில்லை.

என் தங்கை மகன் மூன்று வயதில் இதை இரண்டு விதமாகக் கண்டுபிடித்தான். ஒருநாள் தயிர்சாதக் கையோடு மூன்று முறையும் சரியாகக் கத்தினான், “குள்ளநரி திருடக்கூடாது” என்று. அன்றைக்குப் பார்த்து நரி திருடிவிடுகிற எபிசோடு. பொருளைப் பிடுங்கி எங்கோ வீசிவிட்டு ஓடியது. அவன் டிவியைப் பார்க்கவில்லை, எங்களைத் திரும்பிப் பார்த்தான். “நான் சொன்னேன்ல? சத்தமாத்தானே சொன்னேன்?” என்று ஒரே அழுகை. தன்மேல்தான் தப்பு என்று நினைத்துவிட்டான். “நீ சரியாத்தான் சொன்ன, அது காது கேக்காத நரி” என்று என் அம்மா சமாதானம் சொன்ன பிறகுதான் அடுத்த கவளம் இறங்கியது.

இன்னொரு நாள், எபிசோடு கடைசியில் டோரா வழக்கம்போல “இன்னைக்கு உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?” என்று கேட்டுவிட்டு நின்றாள். அன்று காலைதான் ஊரிலிருந்து தாத்தா வந்திருந்தார். இவன் “தாத்தா வந்தது!” என்றான். “எனக்கும் அது பிடிச்சது” என்றாள் டோரா. உடனே எழுந்து திண்ணைக்கு ஓடி, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “தாத்தா, டோராவுக்கும் உங்களைப் பிடிக்குமாம்!” தாத்தா கண்ணாடியை இறக்கி, “யாருடா அது டோரா, எந்த ஊரு?” என்று கேட்டார். அதற்குப் பிறகு பத்து நிமிஷம் அவன் பேசினான் பாருங்கள், மேப், பாலம், முதலை, புஜ்ஜி என்று. அந்த எபிசோடிலேயே அவ்வளவு சொல் கிடையாது.

ஆகவே பக்கத்தில் யாராவது உட்காருங்கள். முழு நேரமும் முடியாது, தெரியும், அந்த இருபது நிமிஷத்தில்தான் குக்கர் வைக்க வேண்டியிருக்கிறது. குக்கரை வைத்துக்கொண்டே, காதில் விழுகிற கேள்விக்கு வேண்டுமென்றே ஒரு தப்புப் பதில் சொல்லுங்கள். “மலையா? அது பாலம்னு நினைச்சேன்” என்று. உங்களைத் திருத்த அவள் சமையலறைக்கே வந்துவிடுவாள். பதிலுக்கு அவசரப்படுத்தாமல், டோரா நிற்கிற அளவுக்காவது நீங்களும் நில்லுங்கள். மாமியாரையும் கூட உட்காரவையுங்கள். அவருக்குக் கதை புரியாமல் பிள்ளையிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்தால் ரொம்ப நல்லது. தம்பிக்கு அந்த நேரத்தில் ஒரு கிண்ணமும் கரண்டியும் போதும்.

நிறுத்தும்போது அழுகிறாள் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எங்கே நிறுத்துகிறீர்கள் என்று பாருங்கள். மேப்பில் இரண்டு இடம் தாண்டி மூன்றாவது பாக்கி இருக்கும்போது பிடுங்கினால் நான்கூட அழுவேன். ஜெயித்துவிட்டோம் என்று பாட்டுப் பாடி ஆடுவார்கள் இல்லையா, அது முடியட்டும். பிடித்தது எது என்ற கேள்விக்கும் அவள் பதில் சொல்லட்டும். அதற்கப்புறம் மொபைலை நீங்கள் வாங்க வேண்டாம், அவள் கையாலேயே அணைக்கச் சொல்லுங்கள்.